கண்ணெதிரே இருக்கும் கோப்பு இல்லை என்கிறது கணினி

சின்னத்தின் மீது இருமுறை சொடுக்கினேன். சுட்டி ஒரு கணம் சுழன்று பழைய அம்புக்குறியானது. அதன் பிறகு திரையில் எதுவும் நிகழவில்லை. மீண்டும் சொடுக்கினேன், மீண்டும் அதே சுழற்சி, அதே அமைதி. பிழைச்செய்தி வந்திருந்தால்கூட மனம் ஆறியிருக்கும்.

நினைவகம் 2 ஜிபி, சேமிப்பகம் 32 ஜிபி மட்டுமே கொண்ட என் பழைய மடிக்கணினியில், லினக்ஸ் வகைகளுள் ஒன்றான டெபியன் 12-ஐ அடித்தளமாகக் கொண்ட ஓர் இலகு இயங்குதளத்தை நிறுவிப் பயன்படுத்தி வருகிறேன். முழுமையான மேசைச்சூழல் எதுவும் அதில் இல்லை. சாளர மேலாளர் ஒன்று, கோப்பு மேலாளர் ஒன்று, அடியில் ஒரு பட்டை, அவ்வளவுதான். உள்ளே நுழைந்தவுடன் ஏறத்தாழ இருநூறு எம்பி நினைவகத்திலேயே நிறைவாக இயங்கிவிடும் இந்தச் சிக்கனம் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் அந்தச் சிக்கனத்துக்கு ஒரு விலை உண்டு. பெரிய இயங்குதளங்களில் யாரும் கேட்காமலேயே வந்து அமர்ந்திருக்கும் நூற்றுக்கணக்கான நிரலகங்கள், அதாவது பல நிரல்கள் பகிர்ந்து பயன்படுத்தும் ஆயத்த நிரல் தொகுப்புகள், இதில் இருப்பதில்லை. ஆகவே வெளியிலிருந்து ஒரு மென்பொருளைக் கொண்டுவந்து இயக்கும்போதெல்லாம், அது எதன் மீது சாய்ந்து நிற்கிறது என்பதை நானே தேடிக் கண்டறிய வேண்டியிருக்கிறது.

நான் இயக்க முயன்றது ஒரு பழைய அகராதி மென்பொருள். அதை உருவாக்கியவர்கள் கைவிட்டுப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. மென்பொருள்களை நிறுவ டெபியன் வைத்திருக்கும் களஞ்சியத்தில் அது கிடையாது. சுருக்கிய கோப்பாகக் கிடைத்ததை முகப்பு அடைவில் விரித்து வைத்திருந்தேன். பட்டியிலிருந்தோ சின்னத்திலிருந்தோ ஒரு நிரலைத் தொடங்கினால் அது முணுமுணுக்கும் பிழைச்செய்தி நம் கண்ணுக்கு வராது. பெரும்பாலும் முகப்பு அடைவில் மறைந்திருக்கும் எக்ஸ்செஷன்-எரர்ஸ் என்ற கோப்பில் போய்ச் சேர்ந்துவிடும். எனவே இத்தகைய நேரங்களில் முதலில் செய்ய வேண்டியது கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் முனையத்தைத் திறந்து, அந்த அடைவுக்குள் சென்று, நிரலின் பெயரைத் தட்டச்சு செய்து இயக்குவதுதான். அவ்வாறு இயக்கியவுடன் ஒற்றை வரியில் பதில் வந்தது. அதைத் தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்: "பகிர் நிரலகங்களை ஏற்றுவதில் பிழை: லிப்எஸ்எஸ்எல்.எஸ்ஓ.1.1: பகிர் கோப்பைத் திறக்க இயலவில்லை: அத்தகைய கோப்போ அடைவோ இல்லை."

இந்த வரியைப் படித்தவுடன் பலரும் செய்வதைத்தான் நானும் முன்பெல்லாம் செய்வேன்: "இல்லை" என்ற சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு, அந்தப் பெயரில் எது கிடைத்தாலும் கொண்டுவந்து போட்டுவிடுவேன். இன்று அந்த வரியில் நான் முதலில் பார்ப்பது கடைசியில் உள்ள எண்ணைத்தான். எஸ்ஓ என்பதற்குப் பின் வரும் எண் வெறும் அலங்காரமன்று. ஒரு நிரலகத்தின் வெளிமுகம் பழைய நிரல்களுக்குப் பொருந்தாத வகையில் மாறும்போதுதான் அந்த எண் மாற்றப்படுகிறது. 1.1 வேண்டும் என்று ஒரு நிரல் கேட்டால், 1.1-ஐ மனத்தில் வைத்துத்தான் அது தொகுக்கப்பட்டது என்று பொருள். 3 என்பது எண்ணில் பெரியது என்பதால் மட்டும் அந்த இடத்தை நிரப்பிவிடாது. லிப்எஸ்எஸ்எல் என்பது ஓபன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க மென்பொருளின் நிரலகம். ஓபன்எஸ்எஸ்எல் 3.0 வெளிவந்தது 2021 செப்டம்பரில். டெபியன் 12-இன் களஞ்சியத்தில் அந்த வரிசை மட்டுமே உண்டு. என் கணினியில் லிப்எஸ்எஸ்எல்.எஸ்ஓ.3 நன்றாகவே இருந்தது. அதாவது நிரலகம் இல்லாமல் இல்லை. கேட்ட தலைமுறை இல்லை.

இவ்வளவு தெரிந்தும் அன்று ஒரு தவறு செய்தேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். இரவு வெகுநேரமாகிவிட்டது, பொறுமையும் தீர்ந்துவிட்டது. எஸ்ஓ.3 கோப்பைச் சுட்டும்படி எஸ்ஓ.1.1 என்ற பெயரில் ஒரு குறியிணைப்பை உருவாக்கினேன். இணையத்தில் எங்கு தேடினாலும் முதலில் கண்ணில் படும் குறுக்குவழி இதுதான். ஆள்மாறாட்டம் என்று இதைச் சொல்லலாம். நிரலை இயக்கினேன். முந்தைய பிழை மறைந்து, ஓபன்எஸ்எஸ்எல்_1_1_0 என்ற பதிப்புக் குறி அந்தக் கோப்பில் காணப்படவில்லை என்ற புதிய பிழை வந்தது. நிரலகங்களைத் தேடி நினைவகத்தில் ஏற்றும் சிறு நிரலுக்கு ஏற்றி என்று பெயர். பெயரைப் பார்த்து உள்ளே விட்ட ஏற்றி, உள்ளே வந்ததும் அடையாள அட்டையைக் கேட்டிருக்கிறது. உண்மையில் இது நல்லதுதான். எல்லா நிரலகங்களும் இப்படிப் பதிப்புக் குறிகளைச் சுமப்பதில்லை. குறி இல்லாத நிரலகத்தில் இந்த ஆள்மாறாட்டம் வெற்றி பெற்றதுபோல் தோன்றும், நிரலும் திறக்கும். பிறகு ஏதோ ஒரு பட்டனை அழுத்தும்போது காரணம் சொல்லாமல் சரிந்து விழும். அந்த இணைப்புகள் எந்தப் பொதிக்கும் (நிறுவுவதற்கென்று கட்டிய மென்பொருள் மூட்டைக்கும்) சொந்தமாக இல்லாததால், பல மாதங்கள் கழித்து அவற்றை யார் வைத்தார்கள், எதற்காக வைத்தார்கள் என்று பொதிகளை நிறுவிக் கணக்கு வைக்கும் டிபிகேஜியிடம் கேட்டாலும் அதற்குத் தெரியாது. அன்றிரவே இணைப்பை அழித்துவிட்டுப் படுத்தேன்.

மறுநாள் முறைப்படி தொடங்கினேன். எல்டிடி என்ற கட்டளையை நிரலின் பெயரோடு சேர்த்துக் கொடுத்தால், அந்த நிரல் கேட்கும் பகிர் நிரலகங்கள் அனைத்தையும், ஒவ்வொன்றும் எந்த அடைவிலிருந்து கிடைக்கிறது என்பதையும் வரிவரியாகக் காட்டும். கிடைக்காதவற்றுக்கு எதிரே "காணப்படவில்லை" என்று இருக்கும். நிரலை நேரடியாக இயக்கினால் ஏற்றி முதல் தடையிலேயே நின்றுவிடும். அதைத் தீர்த்த பிறகுதான் அடுத்தது தெரியவரும். எல்டிடியோ எல்லாக் குறைகளையும் ஒரே தடவையில் சொல்லிவிடும். என் அகராதிக்கு நாற்பதுக்கு மேற்பட்ட வரிகள் வந்தன. அவற்றில் மூன்று மட்டுமே காணப்படாதவை: லிப்எஸ்எஸ்எல் 1.1, அதன் இணைபிரியாத் தோழனான லிப்கிரிப்டோ 1.1, சொல் திருத்தத்துக்கான லிப்ஹன்ஸ்பெல். சாளரம் வரைவதற்கான ஜிடிகே 2 நிரலகம் ஏற்கெனவே கிடைக்கிறது என்று ஒரு வரி காட்டியது. அன்று அதை நான் பொருட்படுத்தவில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை. எல்டிடி சில சூழல்களில் அந்த நிரலையே இயக்கிவிடக்கூடும் என்று அதன் கையேட்டுப் பக்கமே சொல்கிறது. நம்பிக்கையில்லாத இடத்திலிருந்து வந்த கோப்பாக இருந்தால், ஆப்ஜெடம்ப் கட்டளையைக் கொண்டு அதன் தலைப்பகுதியில் "தேவை" என்று குறிக்கப்பட்டுள்ள பெயர்களை மட்டும் படித்துக்கொள்வது பாதுகாப்பானது. மறைமுகச் சார்புகளை அது காட்டாது என்றாலும், கோப்பு இயங்காது.

மூன்றில் ஹன்ஸ்பெல் மிக எளிது, அதன் பொதியைக் கண்டுபிடித்து நிறுவினால் போதும். நிரலகக் கோப்பின் பெயரையும் எண்ணையும் சேர்த்துப் பொதிக்குப் பெயரிடுவது டெபியனின் வழக்கம், ஆகவே எடுத்துக்காட்டாக லிப்கர்ல்.எஸ்ஓ.4 என்றால் பொதியின் பெயர் லிப்கர்ல்4 என்று ஊகித்துவிடலாம். ஊகம் பொய்த்தால் ஆப்ட்-ஃபைல் என்ற கருவியிடம் கோப்பின் பெயரைக் கொடுத்தால், அது எந்தப் பொதிக்குள் இருக்கிறது என்று சொல்லும். அந்தக் கருவி இறக்கிவைக்கும் பட்டியல் இலகுக் கணினிக்குச் சற்றுப் பெரியதுதான். டெபியன் தளத்தின் பொதித் தேடல் பக்கத்திலேயே கோப்புப் பெயரைக் கொண்டு தேடலாம் என்பதால் நான் அந்தக் கருவியை நிறுவிக்கொள்ளவில்லை.

லிப்எஸ்எஸ்எல் 1.1 அப்படித் தீரக்கூடியதன்று. டெபியன் 12-இல் அது இல்லை, இனி வரப்போவதும் இல்லை. அந்த வரிசைக்கான பொது ஆதரவை ஓபன்எஸ்எஸ்எல் குழு 2023 செப்டம்பர் 11 அன்று முடித்துக்கொண்டது. டெபியனின் பழைய பதிப்பின் களஞ்சியத்தை என் கணினியின் மூலப் பட்டியலில் சேர்த்தால், களஞ்சியத்திலிருந்து பொதிகளைக் கொண்டுவரும் ஆப்ட் அதை எடுத்துத் தரும்தான், ஆனால் அந்தக் கதவைத் திறந்து வைத்தால் எதை எந்தக் களஞ்சியத்திலிருந்து எடுப்பது என்ற கணக்கு குழம்பி, இன்னொரு நாள் வேறொரு பொதியை நிறுவும்போது முரண்பாடுகள் வரிசைகட்டி நிற்கும். இரண்டு தலைமுறைக் களஞ்சியங்களைக் கலப்பதை நான் எவருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

நான் தேர்ந்த வழி வேறு. டெபியன் 11-இன் லிப்எஸ்எஸ்எல்1.1 பொதியைக் கோப்பாக மட்டும் இறக்கி, நிறுவாமல், டிபிகேஜி-டெப் கொண்டு ஒரு தற்காலிக அடைவில் விரித்தேன். தேவையான இரண்டு கோப்புகளும் அந்த ஒரே பொதியில் இருந்தன. அவற்றை அகராதியின் அடைவுக்குள்ளேயே "பழையவை" என்ற துணை அடைவில் வைத்தேன். பிறகு மூன்று வரிகள் கொண்ட ஒரு சிறு ஷெல் கோப்பை எழுதினேன்: நிரலகங்களை எங்கே தேடுவது என்று ஏற்றிக்குச் சொல்லும் எல்டி_லைப்ரரி_பாத் என்ற சூழல்மாறியில் அந்தத் துணை அடைவைக் குறிப்பிட்டு, அதன் பிறகு அகராதியைத் தொடங்குவது மட்டுமே அதன் வேலை. இந்த மாறியைப் பயனர் அமைப்புக் கோப்பில் எழுதி எல்லா நிரல்களுக்கும் பொதுவாக்கிவிடக் கூடாது என்பது இதில் முக்கியம். அவ்வாறு செய்தால், ஆதரவு முடிந்த குறியாக்க நிரலகத்தை வேறு நிரல்களும் எடுத்துக்கொள்ள வழி பிறந்துவிடும். அகராதி இணையத்தை நாடுவது புதுப்பிப்பு உண்டா என்று பார்க்க மட்டுமே. அமைப்பில் அந்த வசதியை அணைத்துவிட்டேன். இணையத்தோடு இடையறாது பேசும் மென்பொருளாக இருந்திருந்தால் இந்த வேலையையே செய்திருக்க மாட்டேன், மாற்று மென்பொருளைத் தேடிப் போயிருப்பேன்.

பொதிக் கோப்புகளைப் பற்றியும் ஒரு சொல். டெப் கோப்பு ஒன்றை டிபிகேஜியின் நிறுவும் கட்டளையால் நேரடியாக நிறுவினால், அது சார்புகளைச் சரிபார்த்துக் குறை சொல்லுமே தவிர, தானாகப் போய் எடுத்து வராது. பொதி பாதி நிறுவிய நிலையில் தொங்கும். அதே கோப்பை, முன்னே புள்ளியும் சாய்கோடும் இட்டு, ஆப்ட்டிடம் கொடுத்தால் சார்புகளையும் சேர்த்தே கொண்டுவரும். ஏற்கெனவே தொங்கிக்கொண்டிருந்தால் ஆப்ட்டின் நிறுவும் கட்டளையை எஃப் என்ற தெரிவோடு இயக்கினால் போதும். ஆனால் அது என்ன செய்யப்போகிறது என்ற பட்டியலைப் படிக்காமல் ஆம் என்று அழுத்திவிடாதீர்கள். தீர்க்க வழியில்லாதபோது, நீங்கள் நிறுவ முயன்ற பொதியையே நீக்கிவிடுவதும் ஆப்ட்டின் பார்வையில் ஒரு தீர்வுதான்.

இனி, தலைப்பில் சொன்ன விந்தைக்கு வருகிறேன். அடைவுக்குள் நிற்கிறோம், பட்டியலிட்டால் கோப்பு இருக்கிறது, இயக்கும் உரிமையும் இருக்கிறது, இயக்கினால் "அத்தகைய கோப்போ அடைவோ இல்லை" என்று வருகிறது. முதன்முதலில் இதைச் சந்தித்தபோது பெயரில் கண்ணுக்குத் தெரியாத எழுத்து ஏதும் ஒட்டிக்கொண்டிருக்கிறதோ என்று அரைமணி நேரம் தேடினேன். கணினி பொய் சொல்லவில்லை. எந்தக் கோப்பு இல்லை என்பதைத்தான் சொல்லாமல் விட்டுவிட்டது. பகிர் நிரலகங்களைச் சார்ந்து இயங்கும் நிரல்கோப்பு ஒவ்வொன்றும் தன்னை ஏற்றிவைக்க வேண்டிய ஏற்றியின் முழு முகவரியைத் தன் தலைப்பகுதியில் எழுதி வைத்திருக்கிறது. அந்த ஏற்றி இல்லையென்றால் இயங்குதளத்தின் மையமான கருநிரல் தரும் விடை இதுதான். ஃபைல் என்ற சிறு கட்டளை ஐயத்தைத் தீர்க்கும்: அது 32-பிட் கோப்பு என்றும் இன்ன ஏற்றியைக் கேட்கிறது என்றும் காட்டினால், 64-பிட் இயங்குதளத்தில் ஐ386 எனப்படும் 32-பிட் கட்டமைப்பைக் கூடுதலாகச் சேர்த்து, பட்டியலைப் புதுப்பித்து, அதற்குரிய அடிப்படை நிரலகப் பொதியான லிப்சி6-ஐ நிறுவ வேண்டும். ஆல்பைன் லினக்ஸில் காரணம் வேறு, செய்தி ஒன்றே. அது குனு சி நிரலகத்துக்குப் பதிலாக மஸ்ல் என்ற சிறிய நிரலகத்தைப் பயன்படுத்துவதால், மற்ற இயங்குதளங்களுக்காகத் தொகுக்கப்பட்ட நிரல்கள் தேடும் ஏற்றி அங்கே இருப்பதில்லை.

என் அகராதியின் சிக்கலுக்கு நேர் எதிரானதும் உண்டு: ஜிலிப்சி (அதாவது குனு சி நிரலகம்) 2.36 வேண்டும், காணப்படவில்லை என்று வரும் பிழை. டெபியன் 11-இல் உள்ளது 2.31, டெபியன் 12-இல் உள்ளது 2.36. புதிய தளத்தில் தொகுத்த நிரலைப் பழைய தளத்தில் இயக்க முயல்கிறோம் என்பதே பொருள். இதற்கு ஒட்டுப்போடும் மருத்துவம் கிடையாது. ஜிலிப்சியைக் கையால் மாற்ற முயன்றால் கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் கட்டளைகூட இயங்காமல் போகும். பிறகு நேரடி யூஎஸ்பியிலிருந்து தொடங்கித்தான் மீட்க வேண்டியிருக்கும். நிரலை மூலத்திலிருந்து நம் கணினியிலேயே தொகுக்கலாம், அல்லது இயங்குதளத்தையே மேம்படுத்தலாம்.

இதுவரை சொன்னவை அனைத்தும் குறையை வாய்விட்டுச் சொல்லும் வகை. இலகு இயங்குதளத்தில் என்னை அதிகம் அலைக்கழித்தவை சொல்லாமல் வரும் குறைகள்.

டெபியன் பொதிகளில் "சார்ந்திருக்கிறது" என்று ஒரு பட்டியலும் "பரிந்துரைக்கிறது" என்று வேறொரு பட்டியலும் உண்டு. முதலாவது இல்லாவிட்டால் பொதியே நிறுவப்படாது. இரண்டாவது இல்லாவிட்டால் நிரல் திறக்கும், ஆனால் ஏதோ ஒன்று நடக்காது. டெபியன் இயல்பாகவே இரண்டையும் நிறுவுகிறது. இலகுவாக இருக்க விரும்பும் இயங்குதளங்கள் பலவும் இரண்டாவதை அணைத்து வைக்கின்றன. எடை குறைவதன் மறைபொருளில் பாதி இதுதான். விளைவுகளோ ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை போலத் தோன்றும். வட்டுப் பிரிப்புக் கருவியைப் பட்டியில் சொடுக்கினால் கடவுச்சொல் கேட்கும் சாளரம் வராமல் எல்லாம் அமைதியாகிவிடும்; அந்தச் சாளரத்தைக் காட்டி அனுமதி பெறும் போல்கிட் முகவர் நிறுவப்படவில்லை அல்லது உள்நுழைந்தபோது தொடங்கப்படவில்லை என்பது காரணம். கோப்பு மேலாளரில் குப்பைத்தொட்டி வேலை செய்யாது, கைபேசியை இணைத்தால் தெரியாது. இவற்றைக் கோப்பு மேலாளருக்குக் காட்டித்தரும் ஜிவிஎஃப்எஸ் இல்லை என்பது காரணம்.

இவற்றுள் ஒன்றை மட்டும் சற்று நெருங்கிப் பார்க்கலாம். என் படக்காட்டி எல்லாப் படங்களையும் திறந்தது, வெப்பி வகைப் படங்களை மட்டும் "வடிவம் அடையாளம் தெரியவில்லை" என்று திருப்பி அனுப்பியது. எல்டிடியில் எல்லா வரிகளும் சரியாக இருந்தன. வெப்பி நிரலகமும் கணினியில் இருந்தது. பிறகுதான் புரிந்தது: எல்டிடி காட்டுவது நிரல் தொடங்கும்போதே கேட்பவற்றை மட்டும். இயங்கிக்கொண்டிருக்கும்போது தேவைக்கேற்ப ஏற்றப்படும் செருகுநிரல்களைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது. ஒரு நிரல் கருநிரலிடம் கேட்பவற்றையெல்லாம் காட்டும் எஸ்ட்ரேஸ் கட்டளையின் வழியே படக்காட்டியை இயக்கி, கோப்புகளைத் திறக்கும் அழைப்புகளை மட்டும் வடிகட்டினேன். நூற்றுக்கணக்கான வரிகள் ஓடின. படங்களைப் படித்துத் தரும் ஜிடிகே-பிக்ஸ்பஃப் நிரலகம் தனது செருகுநிரல் பட்டியல் கோப்பைத் திறந்து படித்தது தெரிந்தது. அந்தப் பட்டியலை நானே திறந்து பார்த்தேன்: டிஃப், ஜிஃப் என்று வரிசையாக இருந்தன, வெப்பிக்கு ஒரு வரிகூட இல்லை. நிரலகம் இருந்தும் அதை அழைத்துவர ஆளில்லை. வெப்பி-பிக்ஸ்பஃப்-லோடர் என்ற மிகச் சிறிய பொதியை நிறுவினேன், அந்தப் பட்டியலில் ஒரு பகுதி கூடியது, படம் திறந்தது.

க்யூட்டி என்ற சாளரக் கருவித்தொகுப்பால் எழுதிய நிரல்களுக்கும் இதே கதைதான். திரையோடு பேச உதவும் எக்ஸ்சிபி செருகுநிரல் இருக்கிறது, ஆனால் ஏற்ற முடியவில்லை என்று அவை புலம்பும். க்யூட்டி 6.5-இலிருந்து லிப்எக்ஸ்சிபி-கர்சர்0 கட்டாயம் தேவைப்படுகிறது. பெரிய மேசைச்சூழல்களில் அது எப்படியோ வந்திருக்கும், இலகுவானவற்றில் பெரும்பாலும் இருக்காது. க்யூட்டி_டீபக்_பிளகின்ஸ் என்ற மாறிக்கு 1 என்று மதிப்பிட்டு இயக்கினால் எது தடுக்கிறது என்று விரிவாகச் சொல்லும்.

எல்லாவற்றையும் தன்னுள்ளேயே சுமந்து வருவதாகச் சொல்லும் ஆப்இமேஜ் கோப்புகளில் பலவும் லிப்ஃபியூஸ்2 வெளியில் இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கின்றன. அதை நிறுவ மனமில்லாவிட்டால் கோப்பைப் பிரித்தெடுக்கும் தெரிவைக் கொடுத்து, விரிந்த அடைவிலிருந்தே இயக்கிக்கொள்ளலாம். மென்பொருளைத் தனக்கென ஓர் அடித்தளத்தோடு சேர்த்து நிறுவும் ஃபிளாட்பேக் இந்தத் தொல்லைகளில் பெரும்பகுதியை ஒழித்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் ஒரு சிறு மென்பொருளுக்காகப் பல நூறு எம்பி அளவுள்ள அடித்தளத்தை 32 ஜிபி வட்டில் இறக்குவது, மெலிந்த உடலுக்குக் கனத்த போர்வை போர்த்துவதுபோல் எனக்குத் தோன்றுகிறது. பப்பி லினக்ஸ் பயன்படுத்துவோருக்கு இன்னொரு கண்ணி உண்டு: அது நினைவகத்திலிருந்து இயங்குவதால், சேமிப்புக் கோப்பை உருவாக்காமல் நிறுத்தினால் நேற்று நிறுவிய நிரலகம் இன்று இருக்காது. பிழை திரும்பி வந்ததாக எண்ணி மீண்டும் முதலிலிருந்து துப்பறியத் தொடங்கிவிடுவோம்.

அகராதி இப்போது நன்றாகவே இயங்குகிறது. சென்ற வாரம் கோப்பு மேலாளரை மாற்றிக்கொண்டேன். பழையதை நீக்கியவுடன், இனித் தேவைப்படாத பொதிகள் என்று ஆப்ட் ஒரு பட்டியலைக் காட்டி, தானியங்கு நீக்கத்தைப் பரிந்துரைத்தது. பட்டியலின் நடுவே லிப்ஜிடிகே2.0-0 இருந்தது. அதைக் கொண்டுவந்தது அந்தப் பழைய கோப்பு மேலாளர்தான். என் முகப்பு அடைவில் விரித்துவைத்த அகராதியும் அதன் மீதுதான் நிற்கிறது என்பது ஆப்ட்டுக்குத் தெரிய வழியில்லை. வேண்டாம் என்று பதில் கொடுத்துவிட்டு, ஆப்ட்-மார்க் கட்டளையால் அந்த ஒரு பொதியைக் கையால் நிறுவியது என்று குறித்தேன். அகராதியைத் தொடங்கும் ஷெல் கோப்பின் தலையில், ஜிடிகே 2-ஐ எதற்காக வைத்திருக்கிறேன் என்று தேதியிட்டு ஒரு வரி குறிப்பும் எழுதி வைத்திருக்கிறேன்.